துரை வண்டிக்கு வைத்த படையல்

1

என்னைப் போல ஒரு மடையனைச் சங்கரன்கோவில் தாலுகா இதுவரை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ததில்லை. தற்பெருமை இல்லை, சான்று இருக்கிறது. நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு, பல் குத்திக்கொண்டு, தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்த ஒரு மனிதரை நான் கொன்றேன். கத்தி, கம்பு எதையும் எடுக்கவில்லை. வாயாலேயே கொன்றேன். அதுவும் பட்டப்பகலில், ஊர்க்காரர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, கையில் ஒரு கலர் சோடா பாட்டிலை வைத்துக்கொண்டு.

பிறகு அவருக்கு முறைப்படி சாப்பாடு வைத்தோம். அது அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் சாகவே இல்லை என்பது மட்டும்தான் இதில் சங்கடம்.

நாங்கள் ஓஹாயோ மாநிலத்துக்கு வந்து இந்தப் பொங்கலோடு பத்து வருடம். வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே மின்சார அடுப்பில் என் மனைவி கோமதி சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். பால் பொங்கும்போது குலவை போட்டால் பக்கத்து வீட்டு அம்மாள் போலீஸைக் கூப்பிட்டுவிடுவார் என்ற பயத்தில், இருமுவதுபோல ஒரு குலவை போட்டாள். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தேன். அதோடு தட்டைத் தள்ளி வைத்தேன்.

"என்ன, அவரு ஞாபகமா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். எழுதித் தொலைத்துவிடுங்கள், நெஞ்சில் வைத்துக்கொண்டு சாப்பாட்டைக் கெடுக்காதீர்கள் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

2

என் அக்கா பேச்சியம்மாளின் வீட்டுக்காரர், வேலுச்சாமி அத்தான், ஊரில் பூ வண்டி ஓட்டுகிறார். அந்த வண்டி ஓர் அமெரிக்க பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரும் அறை, பின்னால் திறந்த தொட்டி. சிவகிரிப் பக்கம் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த வண்டியை அத்தானின் அப்பா வாங்கி, கோழிகளைக் கிளப்பிவிட்டு, ஓட வைத்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஒருகாலத்தில் விட்டுவிட்டுப் போனதாம். முன்பக்கத்தில் இருந்த கம்பெனி எழுத்துகளில் பாதி உதிர்ந்துவிட்டன. மீதியை எந்த மொழியிலும் படிக்க முடியாது. ஊரில் அதற்கு 'துரை வண்டி' என்று பெயர்.

அமெரிக்க வண்டி என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊரில் ஓட்டுகிறவர் வலது பக்கம் இருப்பார் என்று பழகிய கண்ணுக்கு, துரை வண்டி எதிரே வந்தால் ஓட்டுகிறவர் இடம் காலியாகத் தெரியும். பனவடலிசத்திரத்துப் பக்கம் உழுதுவிட்டு வந்த ஒரு சம்சாரி, ஆளே இல்லாமல் வண்டி வருவதைக் கண்டு மாட்டை விட்டுவிட்டு ஓடையில் இறங்கிப் படுத்துக்கொண்டார். அத்தான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அப்போதெல்லாம் காலி இடம் வெறும் காலி இடமாகத்தான் இருந்தது.

ராயகிரி, சிவகிரி ஊர்களில் விடியும்போது பறிக்கிற பிச்சியையும் மல்லியையும் வெயில் ஏறுவதற்குள் சங்கரன்கோவில் சந்தையில் இறக்க வேண்டும். தாமதமானால் பூ வாடும். வாடின பூவைக் கொண்டுவருகிறவரிடம் மறுநாள் யாரும் பூ கொடுக்க மாட்டார்கள். அந்த வண்டி ஓடினால்தான் அக்கா வீட்டில் உலை கொதிக்கும். வேறு தொழில் அத்தானுக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளும் வயதும் இல்லை.

அப்படிப்பட்ட வண்டியில் கிரவுன் பினியன் உடைந்தது. பின்சக்கரங்களைச் சுழற்றுகிற ஜோடிப் பல்சக்கரம் அது. எஞ்சின் உறுமும், வண்டி நகராது. மதுரை வரைக்கும் தேடியாயிற்று. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அனுமதி கேட்டு அத்தான் ஓர் அலுவலகத்துக்கு எழுதினார். 'தாங்கள் குறிப்பிடும் வாகனம் நமது நாட்டில் உள்ளதாகத் தெரியவில்லை. எனவே அதற்கு உதிரிப் பாகம் தேவைப்பட வாய்ப்பில்லை' என்று பதில் வந்தது. அத்தான் ஒரு லாரியில் கட்டி இழுத்து, வண்டியை அந்த அலுவலக வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாராம்.

கடைசியில் எனக்குக் கடிதம் வந்தது. 'மாப்ளே, வண்டி பொறந்த ஊர்லதான நீ இருக்கே. அங்கன எங்கயாவது கெடக்கும், பாரு.'

3

அமெரிக்காவில் எல்லாம் கிடைக்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள். பழசு மட்டும் கிடைக்காது. கடைக்காரர்கள் வண்டியின் வயதைக் கேட்டதும், இறந்துபோன உறவினரைப் பற்றிப் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தினார்கள். ஒருவர் மட்டும் ஊருக்கு வெளியே சோளக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு காயலாங்கடையைச் சொன்னார்.

ஓர் ஏக்கருக்குத் துருப்பிடித்த கார்கள். நடுவில் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகை வாசலில் நாற்காலி போட்டுக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார், பேர் ராய். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சிவப்புத் தொப்பி, வாயில் பல்குச்சி, இடது கையில் சுண்டுவிரல் இல்லை. பக்கத்தில் பிளாஸ்கில் காப்பி. எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். பாலும் இல்லை, சீனியும் இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து, சீனி தொடக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார். பேச்சு அவ்வளவுதான். ராய் சொற்களைச் சொந்தக் காசு போலச் செலவு செய்கிறவர்.

நான் அத்தானின் வண்டிப் படத்தைக் காட்டி, இந்தியாவில் நிற்கிறது என்றேன். நெடுநேரம் பார்த்தார். எழுந்து நடந்தார். பின்னால் போனேன். காயலாங்கடையின் கோடியில், சோளம் முளைத்துக்கொண்டிருந்த வேலியை ஒட்டி, அதே வண்டி நின்றது. அதே மூஞ்சி. அதிலும் எழுத்துகள் உதிர்ந்திருந்தன. அத்தான் வண்டியில் எவை உதிரவில்லையோ அவைதான் இதில் உதிர்ந்திருந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பெயர் முழுசாக வந்துவிடும் என்று தோன்றியது. முதுகில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று நினைத்துத் தட்டிவிட்டேன்.

"இது யார் வண்டி?" என்று கேட்டேன்.

"என் வண்டி" என்றார் ராய்.

முழுசாக விற்க மாட்டாராம். தேவையான சாமானை மட்டும் கழற்றித் தருவாராம். தந்தார். அதைக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைக்கும்போது, அங்கே ஓடுமா என்று மட்டும் கேட்டார். ஓடும் என்றேன்.

4

ஆடி மாதம் விடுமுறையில் ஊருக்குக் கிளம்பினோம். கிரவுன் பினியனைக் கோமதியின் பழைய பட்டுப் புடவையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். சென்னை விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பட்டுக்குள் ஒளித்த கனமான பொருள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பிரித்தார். கிரீஸும் இரும்பும். சுரண்டிப் பார்த்தார். உள்ளேயும் இரும்பு.

"பல்லெல்லாம் தேஞ்சிருக்கே சார். தேஞ்ச சாமானை எதுக்கு இவ்வளவு தூரத்திலேர்ந்து தூக்கிட்டு வரீங்க?"

நான் வாங்கிய இரண்டு பட்டங்களிலும் இதற்கு விடை இல்லை. அவரே பரிதாபப்பட்டு விட்டுவிட்டார்.

மறுநாள் உச்சிப்பொழுதில், ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் ஆசீர்வாதம் அண்ணாச்சியின் ஒர்க் ஷாப்பில் அதைக் கொண்டுபோய் வைத்தோம். அண்ணாச்சி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் கூட்டத்துக்கு அடித்தொண்டை அவர்தான். சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூட்டுவார் என்று பார்த்தால், கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"வண்டிக்காரன் இருக்கானா, போயிட்டானா?"

"ஏன் அண்ணாச்சி?"

"இருக்கவன் சாமான்னா ஸ்பேனரை எடுத்துப் பூட்டிருவேன். போனவன் சாமான்னா அவன்கிட்டக் கேக்காமப் பூட்டப்படாது, வே. கேக்காமப் பூட்டின வண்டி எங்கன போயி நிக்கும்னு கர்த்தருக்குத்தான் தெரியும்."

இருக்கிறார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல்தான். ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்தவன் என்ன சொல்கிறான் என்று கேட்கச் சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரோ கையில் கலர் பாட்டிலைக் கொடுத்தார்கள். ஓஹாயோவில் பத்து வருடமாக நான் சொல்கிற வேடிக்கைக்கு யாரும் சிரித்ததில்லை. என் ஆங்கிலத்தில் எந்த வேடிக்கையும் ஆபீஸ் அறிக்கை போலத்தான் வரும். இங்கே வாயைத் திறக்குமுன்பே சிரிக்கக் காத்திருக்கிறார்கள். விடுவேனா?

"பாவம், போய்ச் சேந்துட்டாரு அண்ணாச்சி" என்றேன்.

பேர் என்ன என்றார்கள். சட்டென்று வேறு பேர் தோன்றவில்லை. ராய் என்றேன். எப்படி என்றார்கள். ஓர் உச்சிவேளையில் இதே மாதிரி வண்டியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவர், கையில் தம்ளரோடு அப்படியே சாய்ந்துவிட்டார் என்றேன். சிவப்புத் தொப்பியைச் சேர்த்தேன். இல்லாத சுண்டுவிரலைச் சேர்த்தேன். கொஞ்சநேரம் கழித்து, எல்லாம் சும்மா என்று சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்பது என் திட்டம். ஆனால் அத்தானின் கண் கலங்கியிருந்தது. நம்ம தொழில்காரர், வண்டியிலேயே உயிர் போயிருக்கிறது என்றார். சிரிப்பதற்கான நேரம் வந்தது, நின்றது, என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அக்கா கேட்டாள். "ஏலே, அந்தத் துரைக்கு என்ன பிடிக்கும்?"

வேறு வழியில்லாமல், காப்பி என்றேன். பால் கிடையாது, சீனி கிடையாது.

"போலே. செத்த மனுசனுக்குச் சீனி போடாத காப்பியா வைப்பாவ? நாளப்பின்ன அவரு நம்மளை என்ன நினைப்பாரு?"

வெள்ளிக்கிழமை உச்சிவேளை. ஒர்க் ஷாப் முற்றத்தில் துரை வண்டிக்குச் சந்தனம் வைத்து, பிச்சிச் சரம் சுற்றினார்கள். ஓட்டுகிற அத்தானுக்கு இடது பக்கம், விருந்தாளிக்கு வலது பக்கம் என்று முடிவானது. அந்தக் காலி சீட்டில் வாழை இலை போட்டு, வெல்லப்பாகில் பிடித்த முந்திரிக்கொத்தும், ஆவி பறக்கிற காப்பியும் வைத்தார்கள். பால் ஊற்றியது, சீனியைக் கரண்டி கரண்டியாகக் கோரிப் போட்டது. அக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "ராய் துரை, உங்க சாமானை எங்களுக்குத் தந்திட்டீய. சந்தோசமா வந்து சாப்பிடுங்க."

கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். அப்படி ஒரு வெயில். தகரம் தொட்டால் தோல் உரியும். காற்று இல்லை. வேப்பமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. என் மகள் ஆவுடை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லோருக்கும் அது குலதெய்வத்தின் பேர், ஓஹாயோ பள்ளிக்கூடத்தில் அவள் 'ஆடி'. அந்த அமைதியில் வண்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பழைய சீட்டில் கனத்த ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் முனகுமே, அந்தச் சத்தம். வெயிலுக்கு இரும்பு விரிகிறது என்று நான் ஆவுடைக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கதவைத் திறந்து தம்ளரை எடுத்தாள். எடுத்தவள் சட்டென்று கை மாற்றினாள். சுடுகிறது போலும் என்று நினைத்தேன். பிறகு அடுப்படியில் வைத்துக் கேட்டபோது தம்ளரை என் கன்னத்தில் ஒற்றிக் காட்டினாள். சங்கரன்கோவில் ஆடி வெயிலில், ஓஹாயோ தை மாதத்துக் குழாய்த் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது.

அண்ணாச்சி பூட்டினார். மாதக்கணக்கில் கிடந்த வண்டி முதல் திருப்பிலேயே உறுமிக்கொண்டு நகர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சும்மாதான் சொன்னேன் என்பதைச் சொல்லாமலே விமானம் ஏறினேன்.

5

அதற்குப் பிறகு அத்தானின் கடிதங்கள் எல்லாம் ராய் துரையைப் பற்றித்தான். வெள்ளிக்கிழமை தோறும் படையல் நடக்கிறதாம். வலது பக்க சீட்டில் யாரையும் உட்கார விடுவதில்லையாம். அந்த சீட் எந்த வெயிலிலும் குளிர்ந்தே கிடக்கிறதாம். அந்தக் குளிர் பின்னால் தொட்டி வரைக்கும் போகிறதாம். கோணிப்பைகளைப் பிரித்தால் பிச்சிப்பூ அப்போதுதான் பறித்ததுபோல மொட்டாகவே இருக்கிறதாம். சந்தையில் மற்ற வண்டிப் பூவை ஒதுக்கிவிட்டு, 'துரை வண்டி வரட்டும்' என்று காத்திருக்கிறார்களாம். சிவகிரி ரோட்டில் எதிரே வருகிறவர்கள் இப்போது மாட்டை விட்டு ஓடுவதில்லை. வலது பக்கம் தொப்பி வைத்த ஆள் இருப்பதாகச் சொல்லி, ஒதுங்கி வழி விடுகிறார்களாம்.

இதையெல்லாம் நான் ஆபீஸ் இடைவேளையில் படித்துச் சிரிப்பேன். அப்போது எனக்குள் இருந்தது கதாசிரியனின் கர்வம்.

ஐப்பசி வாக்கில் ஆவுடையின் டீச்சர் என்னையும் கோமதியையும் கூப்பிட்டு அனுப்பினார். விடுமுறையைப் பற்றிப் படம் வரையச் சொன்னாராம். மற்ற பிள்ளைகள் கடல், மலை வரைந்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளை ஒரு வண்டி, அதன் சீட்டில் வாழை இலை, இலைக்கு முன்னால் சிவப்புத் தொப்பிக்காரர் என்று வரைந்து, கீழே 'இறந்தவர் சாப்பிடுகிறார்' என்று எழுதியிருக்கிறாள். வீட்டில் எல்லாம் நலமா என்று டீச்சர் மென்மையாகக் கேட்டார். அது ஒரு வேடிக்கை என்று நானும் என் அறிக்கை ஆங்கிலத்தில் விளக்கினேன்.

"அப்பா விளையாட்டுக்குச் சொன்னது. ஆனா சீட் அமுங்கிச்சு" என்றாள் ஆவுடை, ஆங்கிலத்தில்.

இந்தப் பிள்ளைக்குத் தமிழ் போய்விட்டது, ஊர் போய்விட்டது என்று கோமதி அடிக்கடி புலம்புவாள். வீட்டுக்கு வரும் வழியில் அவள் அன்று புலம்பவில்லை. படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ராயை நான் சொன்ன தொப்பியோடுதான் மகள் வரைந்திருந்தாள், சரி. வாயில் பல்குச்சி இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

6

மார்கழியில் அத்தானிடமிருந்து அவசரக் கடிதம். எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் பம்ப் போய்விட்டது, வண்டி நிற்கிறது, பூக்காரர்கள் தை பிறக்கும் வரை பொறுப்பார்கள், அப்புறம் லாரிக்காரனிடம் போய்விடுவார்கள். துரையிடமே இன்னொன்று கேட்டுப் பார், அவருக்கும் வண்டி ஓடத்தானே ஆசை இருக்கும். இறந்தவரிடம் எப்படிக் கேட்பது என்று அத்தான் எழுதவில்லை. அதை நான் பார்த்துக்கொள்வேன் என்ற நம்பிக்கை.

சனிக்கிழமை காலை காயலாங்கடைக்குப் போனேன். கார்கள் எல்லாம் பனிக்குள் புதைந்து, வெள்ளைத் துணி போர்த்திய மேடுகளாகக் கிடந்தன. கொட்டகை வாசலில் அதே நாற்காலி. ராய் உட்கார்ந்திருந்தார். ஐந்து சட்டை போட்டும் என் பற்கள் அடித்துக்கொள்ள, அவர் ஒற்றைச் சட்டையில், கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் செம்மண் நிறத்தில் கருத்திருந்தது. வெயில் பட்டுக் கருத்த முகம். அந்த ஊரில் கார்த்திகைக்குப் பிறகு வெயில் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

கிட்டே போனேன். பிச்சிப்பூ வாசம்.

ராய் பேசியது ஆங்கிலம். ஆனால் இதை எழுத உட்கார்ந்தால் அவர் பேச்சு எனக்கு நம் ஊர்ப் பேச்சாகத்தான் காதில் விழுகிறது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"என்னன்னு தெரியலை. ஆடியிலேருந்து இப்படித்தான். வியாழக்கிழமை ராத்திரி வெறும் வயித்தோடதான் படுக்கேன். வெள்ளிக்கிழமை எந்திரிக்கும்போது கல்யாண வீட்டுல சாப்பிட்டவன் மாதிரி வயிறு திம்முனு இருக்கு. அன்னைக்கு முழுக்கப் பச்சத்தண்ணி இறங்கல."

நம் ஊரில் வெள்ளிக்கிழமை உச்சிவேளை என்றால், ஓஹாயோ வியாழன் ராத்திரியில் தூங்கிக்கொண்டிருக்கும். இந்தக் கணக்கைப் போட எனக்குப் பட்டம் தேவைப்படவில்லை.

டாக்டர் என்ன சொல்கிறார் என்றேன்.

"சீனி ஏறிட்டே போகுதாம். ஒளிச்சு வச்சு எங்க திங்கேன்னு கேக்காரு. என் மருமவளும் அலமாரி எல்லாம் தேடிப் பாத்துட்டா. இப்படியே போனா அடுத்த பனியைப் பாக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லுதாரு."

வந்த காரியத்தைச் சொல்லி, தண்ணீர் பம்ப்பைக் கேட்டேன். போல்ட்டுகள் துருவில் பிடித்துக்கொண்டிருக்கின்றன, எண்ணெய் விட்டு ஊறவைக்கிறேன், அடுத்த சனி வா என்றார். சரி என்று திரும்பினேன். காரில் ஏறும்போது ஒருமுறை வேலியோரம் பார்த்தேன். எல்லா வண்டிகளின் மேலும் பனி. ராயின் வண்டி மேல் மட்டும் பனி இல்லை. அதைச் சுற்றி ஓர் ஆள் நடக்கிற அளவுக்குப் பனி உருகி, புல் தெரிந்தது. புல் பச்சையாக இருந்தது.

7

ஊருக்கு டிரங்க் கால் போட்டு, எதிர்வீட்டு ஜவுளிக்கடைக்கு அத்தானைக் கூப்பிட்டு வரச் செய்தேன். கடல் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது. விஷயத்தைப் போட்டு உடைத்தேன். ராய் சாகவில்லை, நான்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவர் உயிரோடு இருக்கிறார், படையலை நிறுத்துங்கள் என்றேன்.

அத்தான் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "உயிரோட இருக்கவருக்குச் சோறு போடுறது தப்பா, மாப்ளே?"

அவருக்கு உடம்பு கெட்டுவருகிறது என்றேன். அத்தான் மெதுவாகச் சொன்னார். ரெண்டு வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல், படையல் வைக்கவில்லை. மறுநாள் சீட் சுட்டது, சந்தையில் இறக்கும்போது பூவெல்லாம் கறுத்துக் கிடந்தது. அன்று மத்தியானம்தான் பம்ப் உடைந்தது. "நிறுத்துன்னா நிறுத்திருதேன். ஒரு மனுசன் உயிரு பெருசு. ஆனா அவரு வாயால கேட்டுச் சொல்லு. அவருக்கு வேண்டாம்னா நான் வண்டியை மறுபடி கோழிக்கு விட்டுருதேன். கேக்காம நம்மளா முடிவு பண்ணப்படாது."

அழைப்பு அறுந்தது. ஒரு பக்கம் அக்கா வீட்டு உலை. இன்னொரு பக்கம் ராயின் மூச்சு. இரண்டையும் கோத்துக் கட்டியது என் நாக்கு. அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் வேடிக்கை பேசவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையா என்று ஆபீஸில் கேட்டார்கள். நான் வேடிக்கைதான் பேசிக்கொண்டிருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது!

சனிக்கிழமை போனேன். பம்ப் கழற்றி, காகிதத்தில் சுற்றித் தயாராக இருந்தது. ராய் இன்னும் இளைத்திருந்தார். பிச்சி வாசம் கொட்டகை முழுக்க நின்றது. எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். கசந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஆரம்பித்தேன்.

ஒர்க் ஷாப், கூட்டம், கலர் பாட்டில், நான் சொன்ன பொய், எல்லாம் சொன்னேன். நீங்கள் இறந்துவிட்டதாக என் ஊரே நம்புகிறது என்றேன். எங்கள் பக்கத்தில் இறந்தவருக்குச் சாப்பாடு வைத்துக் கூப்பிடுவோம், என் அக்கா வெள்ளிக்கிழமை தோறும் உங்கள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்றேன். இலையில் என்னென்ன வைக்கிறாள், குடிக்க என்ன ஊற்றுகிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. டாக்டர் பேச்சைக் கேட்ட பிறகு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூப்பிட வேண்டாமென்றால் நிறுத்திவிடுவார்கள், வண்டி நின்றாலும் பரவாயில்லை என்று என் அத்தான் சொல்லச் சொன்னார் என்று முடித்தேன்.

ராய் பல்குச்சியை எடுத்துப் பார்த்தார். மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். வேலியோரம் அவர் வண்டி நின்ற பச்சைப் புல்லைப் பார்த்தார். கோபப்படுவார், அல்லது என்னைப் பைத்தியம் என்பார், இரண்டுக்கும் தயாராக நின்றேன்.

"அங்க ஓடுதா?" என்று கேட்டார்.

பூ சுமக்கிறது என்றேன். தினமும். இந்தப் பம்ப் போய்ச் சேர்ந்ததும் மறுபடி ஓடும்.

தலையாட்டினார். எழுந்து, சுற்றிய பம்ப்பை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தார். அந்தப் பனியில் அவர் விரல்கள் சுட்டன. கொட்டகைக்குள் திரும்பிப் போனவர், கதவைச் சாத்துமுன் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"காப்பிக்குச் சீனி மட்டும் வேண்டாம்னு சொல்லு."